தொட்டால் அடங்கும் இரைச்சல்

வடபழனியில், சினிமா ஸ்டூடியோக்களை நம்பிப் பிழைத்த சிறு தொழில்களின் மிச்சம் என்று சொல்லத்தக்க ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியிலேயே அமைந்துவிட்ட அந்தப் பட்டறைக்கு நான் சென்றது, மின்சாரக் கிதாரின் மீது எனக்குள்ள பிரியத்தினால் அன்று. வால்வு ரேடியோவில் தொழில் பழகிப் பின்னர் கிதாருக்கு மாறிய பெரியவர் ஒருவர், பழுதைக் காதினாலேயே கண்டுபிடித்துவிடுகிறார் என்று நண்பர் சொன்னதில் எனக்கு ஏற்பட்ட சம்சயத்தினால்தான்.

நான் போன வேளையில் கல்லூரி மாணவன் ஒருவன், தன் கிதாரின் ஓயாத இரைச்சலைப் பற்றி, “எர்த் பிரச்சினை ஐயா” என்று முறையிட்டுக்கொண்டிருந்தான். ஏற்கெனவே ஒரு கடையில், தந்தியின் அசைவை வாங்கும் பிக்கப் மூன்றையும் மாற்றிவிட்டார்களாம். பணம் போயிற்று, இரைச்சல் போகவில்லை. பெரியவர் கிதாரின் பக்கம் திரும்பவே இல்லை. ஆம்ப்ளிஃபயரின் பிளக்கை எடுத்துப் பார்த்தார். மூன்று முளைகளில் எர்த்துக்குரிய பெரிய முளையைக் காணோம்.

“இதை யாருப்பா புடுங்கினது?”

“எடுத்துட்டா ஹம் குறையும்னு சொன்னாங்க ஐயா.”

சொன்னவர்கள் முழுப் பொய் சொல்லிவிடவில்லை. எர்த் உள்ள இரண்டு கருவிகளைக் கேபிளால் இணைக்கும்போது எர்த் கம்பிகளும் கேபிளுமாக ஒரு வளையம் உண்டாகி இரைச்சல் கிளம்புவதும், முளையைப் பிடுங்கினால் வளையம் அறுந்து அது குறைவதும் உண்மையே; ஆனால் அதனுடன் வாசிப்பவனின் உயிருக்கு இருந்த காவலும் அறுந்துபோகிறது. 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸீ நகரில், லெஸ் ஹார்வி என்ற கிதார் கலைஞர், எர்த் சரியில்லாத ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே உயிர்நீத்தார். பெரியவருக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. அவர் பேசாமல் புதிய பிளக்கை மாட்டினார். சுவர் சாக்கெட்டின் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே டெஸ்ட் லாம்பைக் கொடுத்து, அது பிரகாசமாக எரிவதைப் பார்த்த பிறகே கிதாரை மடியில் வாங்கிக்கொண்டார்.

பிறகு அவர் செய்த பரீட்சை நான் எதிர்பார்த்ததைவிட மிக எளிது. தந்திகளின் மீது உள்ளங்கையை வைத்தார்; இரைச்சலில் மாறுதல் இல்லை. கேபிள் செருகியிருந்த ஜாக்கின் உலோகத்தைத் தொட்டார், பாதிக்குமேல் அடங்கிவிட்டது. “தந்தியிலே எர்த் இல்லை, ஜாக்கிலே இருக்கு. நடுவிலே எங்கேயோ விட்டிருக்கு,” என்றார். நம்மைச் சூழ்ந்துள்ள மின்சாரக் கம்பிகளின் அதிர்வை நம் சரீரமே ஓர் ஏரியலைப்போல வாங்கிக் கிதாருக்குள் விடுகிறது என்பதையும், தந்தியின் வழியாக அந்தச் சரீரம் எர்த்துடன் சேர்ந்துவிட்டால் அதுவே வாத்தியத்துக்குத் திரையாகிவிடுகிறது என்பதையும் அன்றுதான் அறிந்தேன். தொட்டால் இரைச்சல் ஏறுமானால், ஜாக்கில் இரண்டு கம்பிகளும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டுமாம்.

பின்பக்கத்து மூடியைக் கழற்றினார். தந்தியிலிருந்து பிரிட்ஜுக்கும், பிரிட்ஜிலிருந்து மூன்று ஸ்பிரிங்குகளின் வழியாக அவற்றை இழுத்துப் பிடிக்கும் இரும்புத் தகட்டுக்கும், தகட்டிலிருந்து ஒரு கறுப்பு ஒயரால் வால்யூம் கன்ட்ரோலின் முதுகுக்கும், அங்கிருந்து ஜாக்குக்கும், கேபிளின் மேலுறைக்கும், ஆம்ப்ளிஃபயரின் உடலுக்கும், கடைசியில் அந்தப் பெரிய முளையின் வழியே பூமிக்கும் செல்லும் நீண்ட பாதையில், தகட்டில் வைத்திருந்த ஈயம் மங்கிப்போய்ச் சொரசொரப்பாக இருந்தது. இணைப்பு இருந்தால் கூவும் மீட்டரின் ஒரு முனையைத் தந்தியிலும் மற்றதை ஜாக்கிலும் வைத்தார், சப்தம் இல்லை. ஒயரை நகத்தால் நெம்பினார். ஈயத்தோடு பெயர்ந்து வந்துவிட்டது.

“டிரை சால்டர் சார். இருபத்தஞ்சு வாட் அயர்ன் வெச்சுப் பத்தவெச்சிருக்கான். இந்தத் தகடு சூட்டையெல்லாம் குடிச்சிடும்,” என்று என்னிடம் சொல்லிவிட்டு, தகட்டை அரத்தால் ராவி, பருத்த அயர்னை நிதானமாக அழுத்திப் பிடித்து, ஈயம் தானாக உருகிப் பரவும் வரை காத்திருந்தார். இந்தக் காத்திருத்தலுக்குத்தான் அவருக்குக் கூலி என்று எனக்குத் தோன்றிற்று. இம்முறை மீட்டர் கூவியது.

இரைச்சல் அநேகமாக நின்றுவிட்டது. அடியில் மட்டும் மெல்லிய ரீங்காரம் ஒன்று எஞ்சியது. பையன் முகம் சுருங்கிற்று.

“அது எர்த் இல்லை தம்பி, பிக்கப்போட சுபாவம்,” என்றார் பெரியவர். தலைமயிரளவே பருமனுள்ள செப்புக் கம்பியை ஏறக்குறைய 8,000 சுற்றுச் சுற்றிய காயில் அது. தந்தியின் அசைவை வாங்கும் அதே காயில், பக்கத்திலுள்ள டிரான்ஸ்ஃபார்மரின் 50 சைக்கிள் காந்த அலையையும் வாங்காமலிருக்குமா? இரண்டு காயில்களை எதிரெதிராகச் சுற்றி, காந்த முனைகளையும் மாற்றி வைத்து, இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடத் தந்தியின் நாதம் மட்டும் கூடும்படி செய்த உபாயத்துக்கு, கிப்ஸன் கம்பெனியின் ஸெத் லவர் 1955-லேயே காப்புரிமை கோரியிருக்கிறார். ஆனால் அதன் நாதமே வேறு. அந்தக் கனம் பையனுக்கு வேண்டாமாம்.

“அப்போ என்ன செய்யறது ஐயா?”

“ஆம்ப்ளிஃபயரை விட்டுத் தள்ளிக் கொஞ்சம் திரும்பி உட்காரு.”

அவன் ஸ்டூலோடு மெல்ல மெல்லத் திரும்பினான். வாசற்படியை நோக்கிய இடத்தில் ரீங்காரம் தேய்ந்து மறைந்தது. அப்படியே, எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, வாசிக்கத் தொடங்கினான்.