எண்ணெய்க்கு அடியில் எழுத்து

செங்கம், தண்டராம்பட்டுப் பக்கம் நடுகல் தேடிப் போகிறவர்கள் வேடியப்பன் கோயில் எங்கே என்று விசாரிக்க வேண்டும்; நடுகல் வீரனை அங்கே அந்தப் பெயரில்தான் கும்பிடுகிறார்கள். ஆடு மேய்ப்பவர்கள் உடனே கை காட்டுவார்கள். ஏரிக்கரையிலோ புளியமரத்தடியிலோ ஒரு பலகைக்கல் நிற்கும். அதில் வில்லும் வாளும் ஏந்திப் பாயும் வீரன். தலைக்கு மேல் வட்டெழுத்து. மாட்டு மந்தையைக் கவர வந்தவர்களோடு பொருது மாண்டவர்கள்தாம் இவர்களில் பலர்.

பூசாரியின் சம்மதம் இல்லாமல் கல்லைத் தொடுவதில்லை. அவர் தலையசைத்த பிறகு தண்ணீரும் நார் பிரஷும் மட்டுமே. கம்பி பிரஷ், அமிலம் இரண்டும் கல்லுக்கு எமன். எழுத்தின்மேல் சாக்பீஸால் கோடு இழுக்கும் பழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. மனம் நினைத்த எழுத்தைத்தான் கை வரையும். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷால் தட்டித்தட்டிப் பள்ளங்களுக்குள் இறக்கி, ஓரளவு உலர்ந்ததும் மையை ஒற்றினால், கறுப்புத் தாளில் எழுத்து வெள்ளையாக எழும்பி வரும். அப்படியும் பிடிபடாத எழுத்தைச் சாய்வெயிலில் பார்க்க வேண்டும். உச்சிவெயிலில் கல் ஊமை.

இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' 1972-இல் வந்தது. இப்பகுதிக்குப் போகிற எவரும் படித்துவிட்டுப் போக வேண்டிய நூல். எனக்கு மிகவும் நெருக்கமானது எடுத்தனூர்க் கல். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், எருமைகளைக் காக்கப் போய் மாண்ட கருந்தேவக்கத்திக்கு எடுத்தது. வீரனோடு ஒரு நாயும் நிற்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதாக அதற்கென்றே தனியாக எழுதியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய ஊர் அது. பல்லவர் செப்பேடுகளில் அரச வம்சம் கிடைக்கும். எருமைக்காக உயிர்விட்டவனை இங்கேதான் பார்க்க முடியும்.

பூசை நின்றுபோன கற்கள் துணி துவைக்கவும் மதகு கட்டவும் போய்விடுகின்றன. அதனால் வழிபாட்டை நான் குறை சொல்லமாட்டேன். கல்லை அருங்காட்சியகத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போவது கடைசி வழியாகவே இருக்கட்டும். கவலையெல்லாம் புதிதாக வரும் எனாமல் பெயின்டும் சிமென்ட்டும்தான். எண்ணெயைக் கழுவிவிடலாம், சிமென்ட் பூச்சைச் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து போகும். எண்ணெயை உருவத்தின்மேல் ஊற்றுங்கள், எழுத்துப் பக்கம் வேண்டாம் என்று பூசாரிகளிடம் சொல்லி வருகிறேன். செத்தவன் பெயரை வாசித்துக் காட்டிய பிறகு பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள்.