சிறிதாகக் கட்டத் துணியுங்கள்

நாட்டுப்புறத்தில் பழைய வீடொன்றை வாங்கி இடித்துவிட்டு, மின்சாரச் செலவு குறைந்த நவீன வீடு கட்ட ஆசைப்படும் இளம் தம்பதியரை இங்கிலாந்தில் நிறையப் பார்க்கிறேன். நல்ல ஆசைதான். வயதில் மூத்தவன் என்ற உரிமையில் அவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே: வீட்டைப் பெருக்காதீர்கள்.

தென் இங்கிலாந்தில் வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை நீளும் சௌத் டவுன்ஸ் சுண்ணக்குன்றுகள் 2010இல் தேசியப் பூங்காவாயின. ஊரும் வயலும் ஆட்டுமந்தையும் உள்ளடங்கிய பூங்கா அது. 2019இல் நடைமுறைக்கு வந்த அதன் திட்டவிதிப்படி, சிறிய வீட்டை இடித்துக் கட்டினால் உள்பரப்பு ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு மேல் கூடக் கூடாது. சிறு வீடுகளெல்லாம் மாளிகைகளாகிவிட்டால், அங்கே உழைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் எங்கே போகும்? பலர் இந்த விதியை நொந்துகொள்கிறார்கள். எனக்கோ இது நியாயமாகவே படுகிறது.

வெப்பத்தின் கணக்கும் இதைத்தான் சொல்கிறது. சுவர், கூரை, தரை, சன்னல் வழியாகத்தான் வீட்டின் சூடு வெளியேறுகிறது. பக்கச் சிறகுகள், துருத்தும் மாடங்கள் என்று சேரச் சேர வெளிப்பரப்பு கூடும். சூடும் அதற்கேற்பக் கசியும். எளிய பெட்டி வடிவ வீடு குறைந்த மேற்பரப்புக்குள் அதே இடத்தைத் தந்துவிடும். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1990-91இல் எழுந்த, சூடாக்கும் செலவு மிகக் குறைந்த முதல் ‘பாசிவ் ஹவுஸ்’ நான்கு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிய எளிய வரிசை. அங்கிருந்து வளர்ந்த அளவுகோலின்படி, ஒரு சதுர மீட்டரைச் சூடாக்க ஆண்டுக்கு 15 யூனிட் போதும். 50 பாஸ்கல் அழுத்தச் சோதனையில் வீட்டிலுள்ள காற்றில் மணிக்கு 0.6 பங்குக்கு மேல் கசியக் கூடாது. இவ்வளவு இறுக்கமான வீட்டில் மூச்சு முட்டாதா என்று கேட்பார்கள். வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் புதுக்காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் கருவி அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் கருவிகளும் சூரியத் தகடுகளும் பிறகுதான். முதலில் சுவரின் கனமும், இடைவெளியில்லாத காப்பும், மூன்றடுக்குக் கண்ணாடியும் வேண்டும்.

கண்ணாடி என்றதும் குன்றைப் பார்த்தபடி ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி கேட்காதீர்கள். நிழல் மறைப்பு இல்லாத கண்ணாடிச் சுவர் கோடையில் வீட்டைச் சுட்டெரிக்கும். இரவில் அதன் வெளிச்சம் குன்றெங்கும் சிந்தும். 2016 முதல் அந்தப் பூங்கா சர்வதேச இருண்ட வானக் காப்பகம். அங்கே இருளும் பொதுச்சொத்து.

பழைய கூரையில் வௌவால்கள் தங்கியிருக்கலாம். இங்கிலாந்தில் எல்லா வௌவால் இனங்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதனால் இடிக்கும் முன், மாலையில் அவை வெளிவருவதை எண்ணும் ஆய்வைக் கோடை மாதங்களில்தான் செய்ய முடியும். அந்தக் காத்திருப்பை வீணாக்காமல் பழைய வீட்டிலேயே குடியிருந்து பாருங்கள்: எந்தத் திசையிலிருந்து ஊதல் காற்று வருகிறது, மாசியில் வெயில் எந்த அறையில் விழுகிறது, எந்த அறை சும்மாவே கிடக்கிறது.

புது வீடு கட்டினால் மதிப்புக் கூட்டு வரி கிடையாது. பழையதைப் பழுதுபார்த்தால் பெரும்பாலும் 20 விழுக்காடு. இடிப்பதற்கு அரசே தரும் ஊக்கம் இது, தவறான ஊக்கம். இடிக்கும் செங்கல்லுக்கும் புதிய கான்கிரீட்டுக்கும் செலவாகும் எரிபொருளையும் கணக்கில் சேருங்கள். சுவர்கள் உறுதியாக இருந்தால் அவற்றுக்குக் காப்பு போர்த்தி வாழ முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாது என்று உறுதியான பிறகு இடியுங்கள்.