இருபத்தைந்தாவது பெயருக்குப் பிறகு

"தங்கச்சி, கட்டாக் கருவாடு வேணுமெண்டு உங்கட விளம்பரத்தில பேர், நம்பர் எல்லாம் குடுத்துப் பத்து நாளாச்சு. ஒருத்தரும் எடுக்கேல்லை. இந்த நம்பரை ஒரு சொந்தக்காரரிட்டக் கேட்டு எடுத்தனான்."

வெள்ளவத்தையிலிருந்து ஓர் அக்கா. பேசாலையில் என் மச்சாள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பெயர்களை எடுத்துத் தரும் நிரலை எழுதியவன் நான். மடுத் திருவிழாவுக்கு வந்து, இரண்டு நாள் தங்கி, வயிறு முட்டச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனும் நான்.

பேஸ்புக்கில் விளம்பரத்தைத் தட்டினால் ஒரு சின்னப் படிவம் திறக்கும். பெயரும் எண்ணும் பெரும்பாலும் தானாகவே நிரம்பியிருக்கும். இன்னொரு தட்டுத் தட்டினால் போய்விடும். 2015இல் வந்த வசதி. இப்படி வந்து சேர்கிறவரை விற்பனைக்காரர்கள் 'லீட்' என்கிறார்கள். மச்சாள் 'விசாரிச்ச ஆக்கள்' என்பாள். எனக்கு அதுதான் பிடித்த சொல். என் நிரல் தினமும் காலை ஐந்து மணிக்குப் போய் அந்த ஆட்களை எடுத்துவந்து கூகுள் ஷீட்டில் வரிசையாகப் போடும். தேத்தண்ணியோடு உட்கார்ந்து மேலிருந்து கீழாக அழைப்பது அவள் வழக்கம்.

அந்த அக்காவின் பெயர் ஷீட்டில் இல்லை.

முதலில் எண்ணைச் சந்தேகித்தேன். 077இல் தொடங்கும் எண்ணை ஷீட் வெறும் கணக்கு என்று நினைத்து முன்னால் உள்ள பூச்சியத்தை விழுங்கிவிடும். பூச்சியத்தை எடுத்துவிட்டும், 94 சேர்த்தும் தேடினேன். இல்லை. பிறகு நேரத்தைப் பிடித்தேன். ஞாயிறு விடிய நாலு மணிக்கு, தூக்கம் வராமல், நிரப்பியதாகச் சொல்லியிருந்தார். பதிவுகளில் இருப்பதோ கிரீன்விச் நேரம். நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால். அப்படியானால் சனிக்கிழமை இரவு 10.30. சனிக்கிழமையிலும் இல்லை.

ஷீட்டை ஒவ்வொரு நாளாக எண்ணத் தொடங்கியது வேறு வழி தெரியாமல்தான். 7, 11, 4, 9, 25, 25, 12. ஏப்ரலுக்குப் போனேன். வருடப்பிறப்புக்கு முந்தைய மூன்று நாளும் 25, 25, 25. அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. கருவாடு கேட்கிறவர்கள் பேசிவைத்துக்கொண்டு இருபத்தைந்தில் நிற்கமாட்டார்கள்.

விஷயம் வெட்கக்கேடானது. நிரல் போய்ப் பெயர்களைக் கேட்கும்போது பேஸ்புக்கின் சேவையகம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தராது. ஒரு பக்கம் தரும். என் நிரலுக்கு ஒரு பக்கம் என்பது 25 பேர். அதன் அடியில் 'அடுத்த பக்கம் இங்கே' என்று ஒரு குறியும் இருக்கும். அந்தக் குறியைப் பிடித்துக்கொண்டு, இனிக் குறி இல்லை என்னும்வரை போக வேண்டும். நான் முதல் பக்கத்தோடு திரும்பிவிட்டேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. தினமும் பச்சையில் 'வெற்றி' என்றுதான் காட்டியது. ஏழு பேர் வருகிற நாளில் ஏழு பேரும் வந்தார்கள். நாற்பது பேர் வந்த நாளில் பதினைந்து பேர் காணாமற் போனார்கள். வியாபாரம் நன்றாக இருந்த நாட்களில் மட்டும் ஓட்டையாகிற வலையை நான் பின்னிக் கொடுத்திருக்கிறேன்.

இரவுச் சாப்பாட்டில் இதைச் சொன்னபோது அம்மான் சிரித்தார். மச்சாளின் தகப்பன், சம்மாட்டியாக இருந்தவர். "சலாபத்தில எண்ணாமல் ஒருத்தனும் கரையை விட்டுப் போகேலாது, தெரியுமே?" என்றார். அவருடைய பாட்டன் மறிச்சுக்கட்டியில் சலாபம் என்னும் முத்துக் குளிப்புக் கண்டவராம். படகு கரைக்கு வந்ததும் குளிகாரர் தங்கள் சிப்பியை மூன்று குவியலாக்க வேண்டும். எந்த இரண்டு அரசாங்கத்துக்கு என்று உத்தியோகத்தர் வந்து காட்டுவார். மிச்சம் ஒன்று குளிகாரருக்கு. எந்தக் குவியல் யாருக்கு என்பது முன்கூட்டித் தெரியாததால் மூன்றையும் ஒரே அளவாகப் போடுவார்கள். அன்று இரவே ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். 1906இல் அந்தக் குவியல்களைக் கண்காணிக்கும் உத்தியோகத்தராக அங்கே நின்றவர் லெனார்ட் வுல்ஃப். பின்னாளில் தன் தன்வரலாற்றிலும் இதை எழுதியிருக்கிறார். அம்மான் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் மூன்று குவியல் இரண்டு பேரிடமும் ஒன்றாகவே இருக்கிறது.

சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். ஒவ்வொரு படிவத்துக்கும் இதுவரை எத்தனை பேர் என்ற மொத்தக் கணக்கையும் அந்தச் சேவையகம் தனியாக வைத்திருக்கிறது. கேட்டால் சொல்லும். ஆறு மாதமாக நான் கேட்டதே இல்லை. பக்கம் பக்கமாகப் போகும்படியும் அந்தக் கணக்கையும் கேட்கும்படியும் நிரலைத் திருத்தி ஓடவிட்டேன். பேர்கள் விழுந்துகொண்டே வந்தன. மச்சாள் பக்கத்தில் நின்று "அட, இவர் எருக்கலம்பிட்டி ஆள்... இது ஆர், நீர்கொழும்போ?" என்று வாசித்தாள்.

வெள்ளவத்தை அக்கா அதிலும் இல்லை.

விளம்பரங்களைப் போடும் மருமகன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "மாமா, கொழும்பு ஆக்களுக்கு நான் வேறயா ஒரு விளம்பரம் போட்டனான். படிவத்தில 'எத்தனை கிலோ' எண்டு ஒரு கேள்வியும் சேர்த்தனான்."

வெளியிட்ட படிவத்தைத் திருத்த முடியாது. பிரதி எடுத்து, மாற்றி, புதிதாக வெளியிட வேண்டும். பிரதிக்கு வேறு இலக்கம். என் நிரலில் பழைய படிவத்தின் இலக்கத்தைக் கல்லில் வெட்டியதுபோல் எழுதி வைத்திருந்தேன். அதற்குப் புதிய படிவம் ஒன்று பிறந்ததே தெரியாது. தெரிந்திருந்தாலும் பயன் இல்லை. பெயர், எண், ஊர் என்று மூன்று நெடுவரிசையை மட்டும் வைத்திருந்ததால் 'எத்தனை கிலோ'வை அது தூக்கி எறிந்திருக்கும். இப்போது நிரல் முதலில் பேஸ்புக் பக்கத்திடம் உன்னிடம் உள்ள படிவங்கள் எவை என்று கேட்கிறது. என்ன கேள்வி வந்தாலும் அதற்கொரு நெடுவரிசை போட்டுக்கொள்கிறது.

மருமகன் அந்த முழுப் பட்டியலை ஊர் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடட்டுமா என்று கேட்டான். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி நான் தொடங்குவதற்குள் மச்சாள் அவன் தலையில் ஒன்று போட்டாள்.

ஏப்ரல்காரர்கள் கிடைக்கவில்லை. படிவத்தை நிரப்பிய நாளிலிருந்து 90 நாள்தான் அந்த விவரத்தை எடுக்கலாம். வருடப்பிறப்புக்குக் கருவாடு தேடியவர்கள் யார், எந்த ஊர் என்பது போய்விட்டது. மொத்தக் கணக்கில் அவர்கள் இன்னும் எண்ணாக மட்டும் இருக்கிறார்கள்.

புதிய படிவத்தில், சனி இரவு 10.30க்கு, அந்த அக்கா இருந்தார். கடைசி நெடுவரிசையில் அவர் தமிழிலேயே அடித்திருந்தார்: "5 கிலோ. உப்புக் குறைவாப் போடுங்கோ."

மச்சாள் வாசித்துவிட்டு முற்றத்தில் பாய் நிறையக் காய்ந்துகொண்டிருந்த கட்டாவைப் பார்த்தாள். "இதை முந்தியே சொல்லியிருந்தா..." என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தாள்.