ஈம் என்னும் ஊர்

எழுத்தில் அவ்வூரின் பெயர் வேறு. உள்ளூரார் நாவில் அது ‘ஈம்’. இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைநாட்டில் அதனைச் செவியுற்ற கணமே என் தமிழ்ச்செவி ஈமம் என்று கேட்டது. ஒலியன்றி உறவேதும் இல்லை, அறிவேன். ஆயினும் அச்சொல்லை அவ்வூரினின்று பிரிக்க எனக்கு இன்றுவரை இயலவில்லை.

தூய லாரன்ஸ் கோயிலின் முற்றத்தில் ஆயிரம் யாண்டு கடந்த சிலுவைக்கல் நிற்கிறது. கூர்முனை வளைவுகளின் கீழ் நடந்தேன். மாண்டோர் பெயர்ப்பட்டியின் முன் நின்றேன். படித்து முடிக்கக் கண் ஒப்பவில்லை.

1665 இல் இலண்டனிலிருந்து தையற்காரர் வீட்டுக்கு வந்த துணிப்பொதியோடு கொள்ளைநோயும் வந்தது. பொதியைப் பிரித்த ஜார்ஜ் விக்கர்ஸ் செப்டம்பரில் மாண்டான். மறுயாண்டு ஜூனில், இளங்குரு வில்லியம் மொம்பெசனும், கொள்கை மாறுபாட்டால் முன்னர்ப் பதவியிழந்த தாமஸ் ஸ்டான்லியும் ஒருங்கு நின்று ஊராரை இரந்தனர்: எல்லை கடவாதிருப்போம். ஊர் இசைந்தது. அரண் என்பது பகை புகாமைக்கு எடுப்பது. இவர்கள் எடுத்த அரணோ, தம்மிடத்துச் சாவு அயலாரைச் சேராமைக்கு. வடக்கிருந்த வேந்தரை நாம் அறிவோம். ஓர் ஊர் வடக்கிருந்ததை யார் கேட்டார்? எல்லைக்கல்லின் குழிகளில் காடி வார்த்து அதனுள் காசிட்டனர்; அயலார் உணவை வைத்து அகன்றனர். நோய் தணியுமுன் ஏறத்தாழ 260 பேர் மண்ணாயினர்.

கோயிற்கதவே, அந்நாளில் நீயும் அடைபட்டாய். நின் மக்கள் குக்லெட் பள்ளத்தில், வெறுவானின் கீழ், விலகி விலகி நின்று தொழுதனர். இறந்தோர்க்கு நின் முற்றமும் வாய்க்கவில்லை. அவரவர் பிணத்தை அவரவரே தோட்டத்திலும் வயலிலும் புதைத்தனர். தன் பிள்ளைகளை வெளியூர் அனுப்பிவிட்டுத் தான் மட்டும் கணவனைப் பிரிய மறுத்து, ஆகஸ்டில் மாண்ட குருவின் மனைவி கேத்தரினுக்கு இங்கே கல்லறை உண்டு. ஏனையோரை எங்குச் சென்று தேடுவேன்?

ஊர்ப்புறத்து மேட்டில் ரைலி வயல். 1666 ஆகஸ்ட் 3 முதல் 10 வரை, எட்டே நாளில், எலிசபெத் ஹான்காக் தன் கணவனையும் ஆறு மக்களையும் அங்கே அடக்கினாள். தோள்கொடுக்க நால்வர் இலர். கட்டியழ ஒரு பெண் இலள். இழுத்தாள், தோண்டினாள், மூடினாள்; மூடிய கையோடு வீடு திரும்பி அடுத்த பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள் அல்லளோ! எத்தனையாவது குழியில் அக்கை அழுகையை மறந்து மண்ணை மட்டும் அறிந்தது?

தாழ்ந்த கற்சுவரொன்று அவர்தம் கல்லறைக் கற்களை வட்டமாய் வளைத்திருக்கிறது. தாய்க்கு அவ்வட்டத்துள் கல் இல்லை. எஞ்சிய ஒரு மகனிருந்த ஷெஃபீல்டுக்கு அவள் நடந்துவிட்டாள் என்பர். சுவரோரம் நின்றேன். புல்லில் காற்று அசைந்தது. அவள் இறங்கிப்போன வழி எதுவென்று கேட்க அருகே ஒருவரும் இல்லை.