காத்திருக்கும் சகோதரிக்கு நாம் என்ன செய்யலாம்?

எங்கள் ஊர் பொம்மையார்பாளையம். வாசலைத் தாண்டி நடந்தால் கடல்தான். கடலுக்குப் போனவர் வராவிட்டால் வீடு என்ன பாடுபடும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதே கடலுக்கு மேலே பறந்துபோன படைவீரர்களும் திரும்பாத கதை எத்தனை சகோதரிகளுக்கு நினைவிருக்கும்?

2016 ஜூலை 22-ம் தேதி காலை, தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்.32 விமானம், 29 பேரோடு வங்கக்கடலில் மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடியும் ஒரு துண்டுகூட அகப்படவில்லை. செப்டம்பரில், ‘இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறது’ என்று குடும்பங்களுக்குத் தெரிவித்தார்கள்.

அதைக் கேட்ட என் மாமியார், “கருதப்படுதுன்னா இன்னாம்மா அர்த்தம்? ஒடம்பைக் கண்ணால பாக்காம எந்தப் பொம்பள பொட்ட அழிப்பா?” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஏழரை வருஷம் கழித்து, 2024 ஜனவரியில்தான் விடை வந்தது. சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லாத நீர்மூழ்கிக் கருவி, கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் அந்த விமானத்தின் சிதறல்களைப் படமெடுத்தது.

விடையே வராதவர்களும் உண்டு. 1971 போரில் காணாமல்போன 54 வீரர்களைப் பற்றி இன்றும் உறுதியான தகவல் இல்லை. குடும்பத்தார் 1983-லும் 2007-லும் பாகிஸ்தான் சிறைகளுக்கே நேரில் போய்த் தேடினார்கள். அந்த 54 பேரில் ஒருவர் விமானி விஜய் தாம்பே. அவர் மனைவி தமயந்தி, பாட்மிண்டனில் தேசிய சாம்பியன். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகாத நேரம். அவர் மறுமணம் செய்துகொள்ளவே இல்லை.

இப்படிப்பட்ட பெண் நம் தெருவிலும் இருக்கலாம். “வந்துடுவார்” என்று வீண் நம்பிக்கை ஊட்ட வேண்டாம். “இன்னும் என்ன பூ, பொட்டு?” என்று குத்தவும் வேண்டாம். தாலியைக் கழற்றுவதா, வைத்துக்கொள்வதா என்பதை அவளே முடிவு செய்யட்டும். வளைகாப்புக்கும் கல்யாணத்துக்கும் முதல் ஆளாக அவளைக் கூப்பிடுங்கள். பென்ஷன், பாங்க் காகிதம் என்று அலையும்போது துணைக்குப் போங்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, அங்கே வழி கேட்கலாம்.

குழந்தைகளிடம் ‘அப்பா ஊருக்குப் போயிருக்கார்’ என்று பொய் சொல்லாமல், தெரிந்ததை மட்டும் சொல்வதே நல்லது. பிறந்த நாளன்று அப்பாவுக்குப் பிடித்த பலகாரத்தைச் செய்து, அவர் பெயரைச் சொல்லிச் சாப்பிடட்டுமே. பெயர் சொல்ல வீட்டில் ஆள் இருக்கும்வரை, அவரை யாரும் தொலைத்துவிட முடியாது.