தேதிக்கும் ஊர் உண்டு

நாளிதழின் உள்பக்கத்தில் ‘வரலாற்றில் இன்று’ என்று ஐந்தாறு வரி வருமே, அதைத் தொகுப்பது என் வேலை. படித்து முடிக்க அரை நிமிடம் போதும். ஆனால் பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்தின்போது ஒரு பிள்ளை அதை உரக்க வாசிக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிக்கொள்கிறார். ஆகவே அரை நிமிட வாசிப்புக்கு அரை நாள் செலவழிப்பது எனக்கு அதிகமாகப் படவில்லை.

யார் பிறந்தார், எந்தப் போர் மூண்டது என்பதெல்லாம் தேடினால் கிடைத்துவிடும். எழுதும் முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இது எந்த ஊர்க் கடிகாரப்படி வந்த தேதி? எந்த நாள்காட்டிப்படி?

நிலவில் மனிதன் கால் வைத்தது 1969 ஜூலை 20 என்று பொது அறிவுப் புத்தகங்கள் சொல்கின்றன. அது அமெரிக்காவின் ஞாயிறு இரவு. நீல் ஆம்ஸ்ட்ராங் காலடி பதித்தபோது நம் ஊரில் திங்கட்கிழமை, ஜூலை 21, காலை 8.26. அன்று காலையில் ரேடியோ முன் உட்கார்ந்து கேட்டதாக ஒரு பெரியவர் சொன்னால் அவர் நினைவு பிசகவில்லை. புத்தகம் வேறு நாட்டுத் தேதியைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

நாள்காட்டி இன்னும் பெரிய வம்பு. ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23 அன்று ஒரே நாளில் இறந்தார்கள் என்று உலகப் புத்தக தினத்துக்கு ஆண்டுதோறும் எழுதுகிறார்கள். இங்கிலாந்தில் அப்போது பழைய ஜூலியன் நாள்காட்டி. ஸ்பெயினில் புதிய கிரிகோரியன். இரண்டுக்கும் நடுவே 10 நாள் இடைவெளி. ஸ்பெயின் கணக்குப்படி ஷேக்ஸ்பியர் இறந்தது மே 3. போதாக்குறைக்கு, செர்வாண்டிஸ் இறந்தது 22ஆம் தேதி என்றும், 23 அவரை அடக்கம் செய்த நாள் என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தத் தினத்தைக் கொண்டாடுவதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ‘ஒரே நாளில்’ என்ற சொல்லை மட்டும் எழுத மாட்டேன்.

பிரிட்டன் 1752இல்தான் புதிய நாள்காட்டிக்கு மாறியது. செப்டம்பர் 2 புதன்கிழமை. மறுநாள் வியாழக்கிழமை, தேதி செப்டம்பர் 14. தேதி தாவியது, கிழமை தாவவில்லை. இந்த வேலையில் நான் நம்பிப் பிடித்துக்கொள்ளும் கொம்பு கிழமைதான். தேதியும் கிழமையும் பொருந்தவில்லை என்றால் ஏதோ ஒன்று தவறு, அந்த வரி அன்றைக்கு அச்சுக்குப் போகாது.

நம் கல்வெட்டுகள் இதில் ஒரு படி மேல். பலவற்றில் அரசனின் ஆட்சியாண்டோடு மாதம், கிழமை, நட்சத்திரம், சிலவற்றில் திதி என்று சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 700 முதல் 1799 வரை நாள்வாரியாகக் கணக்கிட்டு 1922இல் பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். கல்வெட்டில் உள்ள கிழமையும் நட்சத்திரமும் எந்த ஆங்கிலத் தேதியில் கூடி வருகின்றன என்று அறிஞர்கள் அதை வைத்துப் பார்த்தார்கள். கணிப்பொறி இல்லாத காலத்தில் 1,100 ஆண்டுகளுக்குக் கணக்குப் போட்ட மனிதர் அவர். அவர் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

எனக்குப் பெரிய சோதனை நள்ளிரவு. 1964 டிசம்பர் 22, செவ்வாய் இரவு 11.55க்குப் பாம்பனிலிருந்து 653ஆம் எண் பாசஞ்சர் தனுஷ்கோடிக்குக் கிளம்பியது. ஊரை எட்டும் முன்பே கடல் அதை இழுத்துக்கொண்டது. கிளம்பிய தேதி 22, மூழ்கிய தேதி 23. ஒரு பட்டியலில் ஒன்று இருக்கும், இன்னொன்றில் மற்றது. ‘தனுஷ்கோடியைப் புயல் தாக்கியது’ என்று மூன்று சொல்லில் முடித்தால் இடம் மிச்சம். எனக்கு மனம் ஒப்பவில்லை. 23ஆம் தேதிப் பத்தியில் இப்படித்தான் எழுதுவேன்: ‘முந்தைய இரவு பாம்பனில் புறப்பட்ட ரயிலைத் தனுஷ்கோடி அருகே கடல் கொண்டது.’ அந்த ரயிலில் போனவர்களுக்கு அந்த ஒரு வரியாவது சரியாக இருக்கட்டும்.

பாரதிக்கும் இதே நிலைதான். 1921 செப்டம்பர் 11, ஞாயிறு இரவு, திருவல்லிக்கேணி. நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில் உயிர் பிரிந்தது. ஆங்கிலக் கணக்குப்படி அது 12. சூரிய உதயத்தில்தான் நாள் பிறக்கிறது என்ற நம் வழக்கப்படி இன்னும் ஞாயிறே. தமிழக அரசு 2021இல் செப்டம்பர் 11ஐ மகாகவி நாள் என்று அறிவித்தது. நான் 11ஆம் தேதியில் சேர்த்து, ‘நள்ளிரவுக்குப் பின்’ என்று எழுதிவிடுகிறேன். இரண்டு சொல் கூடுதல். சண்டைக்கு வேலை இல்லை.

சில நாட்களில் தேதியே கதை சொல்லும். மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. 1900 அப்படி வகுபடாது. ஆகவே அவருக்கு எட்டு வயது ஆகும்வரை பிறந்த தேதி திரும்ப வரவே இல்லை. முதன்முதலாக வந்த 1904 பிப்ரவரி 29 அன்றுதான் மதுரையில் ருக்மிணி தேவி பிறந்தார். பின்னாளில் கலாக்ஷேத்ராவை நிறுவிய அவரை, 1977இல் பிரதமராக இருந்த மொரார்ஜி குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கும்படி கேட்டார், அவர் மறுத்துவிட்டார். தனித்தனியாகக் கிடந்த இரண்டு பிறந்தநாள் வரிகள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. இப்படி ஒன்று அமையும் நாளில் வீட்டுக்குப் போய் முதலில் அதைத்தான் சொல்வேன்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்களில் பலருக்கு, பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் பிறந்த தேதி. நிஜமான நாள் ஜாதக நோட்டிலோ, ‘பெருமழை பெய்த ஆவணியில், ஒரு வெள்ளிக்கிழமை’ என்று யாருடைய நினைவிலோ இருக்கும். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். தமிழ் மாதம், கிழமை, நட்சத்திரம், மணி, ஊர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.