பன்னிரண்டு அடி

டெக்ஸாஸில் ஆஸ்டின் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் என் மருமானுக்கு இரண்டு வீடுகள். இரண்டாவது வீட்டுக்குச் சக்கரங்கள் உண்டு. டிராவல் டிரெய்லர் என்று அதற்குப் பெயர். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. டிரக்கின் பின்னால் கொக்கியில் மாட்டிவிட்டால் தேசம் முழுவதும் கூடவே வரும்.

ஆடம்பரத்துக்காக வாங்கியதல்ல. என் தமக்கைக்கு வயது 78. வெளியில் கை நனைக்கமாட்டாள். அப்பேர்ப்பட்டவள் ஒருநாள், "கிராண்ட் கான்யனைப் பார்க்கணும்டா" என்று சொல்லிவிட்டாள். அம்மாவின் ரசமும் சாதமும் கூடவே பிரயாணம் செய்ய வேறு வழியில்லை என்று பிள்ளை தீர்மானித்தான்.

ஆனால் அந்தப் பக்கத்தில் வசந்த காலம் என்றால் ஆலங்கட்டி மழை. மற்ற நாளில் வெயில். டிரெய்லரின் தலையில் இருப்பதோ ரப்பர் விரிப்பு. காற்றுத் துவாரங்களைச் சுற்றிப் பூசிய பசை காய்ந்து விரிந்தால் தண்ணீர் இறங்கும், உள்ளே மரச்சட்டம் ஊறிப் போகும். ஆகவே ஒரு கொட்டகை வேண்டும். எத்தனை அடி உயரம்?

"14 அடிக் கால் போடுங்கள், கவலையே இல்லை" என்றார் விற்பவர். கவலை இல்லாதது அவருக்குத்தான். உயரம் கூடக்கூடக் காற்று கூரையைப் பிடித்து உலுக்கும். சாய்வாக வரும் ஆலங்கட்டியும் தாராளமாக உள்ளே வரும்.

"மாமா, நீங்கள் இந்த முனையைப் பிடியுங்கள்" என்று மருமான் அளக்கும் நாடாவை என்னிடம் நீட்டினான். கூரை விளிம்பு 9 அடி 10 அங்குலம். அதன்மேல் குளிர்சாதனப் பெட்டி ஓர் அடி. ஆக, 10 அடி 10 அங்குலம்.

அதோடு முடிந்ததா? வாசலிலிருந்து கொட்டகைத் தளம்வரை ஏற்றச் சரிவு. வண்டியைப் பின்பக்கமாகத்தான் உள்ளே தள்ளவேண்டும். சக்கரங்கள் தளத்தில் ஏறியபிறகும் டிரக் சரிவிலேயே நிற்கும். கொக்கி 9 அங்குலம் தாழ்ந்தால் வால் 6 அங்குலம் தூக்கும். கொக்கியிலிருந்து சக்கரம் 15 அடி, சக்கரத்திலிருந்து வால் 10 அடி அல்லவா? நம் ஊர்க் கிணற்று ஏற்றத்தை மிதித்தவனுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தரவேண்டாம்.

கால் 12 அடி என்று வைத்தோம். 18 அடி அகலக் கூரையை, அடிக்கு 3 அங்குலம் வாட்டம் வைத்து நடுவில் உயர்த்தினால் முகடு 14 அடி 3 அங்குலத்துக்குப் போகும். வால் தூக்கினாலும் இடிக்காது. பசையைப் பார்க்க ஏறுகிறவன் முகட்டின் கீழே நாலடிக்கு மேல் இடம் கண்டு மண்டியிட்டு வேலை செய்யலாம். எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. குனிந்து தவழவேண்டிய இடத்தில் எவனும் வருஷா வருஷம் ஏறமாட்டான்.

மேற்குப் பக்கம் மட்டும் பாதி உயரத்துக்குத் தகடு அடிப்பதென்று முடிவாயிற்று.

தமக்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது சரி, கூரைத் தண்ணீர் எந்தப் பக்கம் விழும்? பக்கத்து வீட்டுக்காரி சுவரோரம் ரோஜா வைத்திருக்கிறாளே!"

மருமான் காகிதத்தை மறுபடி விரித்து, அந்த ஓரத்தில் ஒரு தண்ணீர்த் தூம்பு வரைந்தான்.